ஆர்வியின் (படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள பயண வண்டி) கழிவுத் தொட்டியைக் காலி செய்த பிறகும் மீட்டர் 2/3 என்றே காட்டுகிறதே, சென்சார் போய்விட்டதா?

பெரும்பாலும் போயிருக்காது, அழுக்கேறியிருக்கும். எனக்கும் இதே 2/3 தான் நின்றது. புது சென்சாருக்குக் காசு எடுத்து வைத்த பிறகுதான் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தேன். காசு மிச்சமானது.

பல வண்டிகளில் சென்சார் என்பது டேங்க் சுவரைத் துளைத்து உள்ளே எட்டிப் பார்க்கும் சின்ன உலோகத் திருகுகள், அவ்வளவுதான். 1/3, 2/3, முழுசு என்று வெவ்வேறு உயரத்தில் இருக்கும். தண்ணீர் திருகைத் தொட்டால் லேசான மின்சாரம் ஓடி விளக்கு எரியும். தண்ணீர் வடிந்த பிறகும் ஈரமான டாய்லெட் பேப்பரோ பிசுக்கோ சுவரில் அப்பிக்கொண்டிருந்தால், அதன் வழியாகவும் மின்சாரம் ஓடும்.

என் விஷயத்தில் தப்பு முழுக்க என்னுடையது. கழிவுக் குழாய் இணைப்பு இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, அடிக்கடி திறக்கும் வேலை மிச்சம் என்று கழிவறை டேங்கின் வால்வைத் திறந்தே விட்டுவிட்டேன். தண்ணீர் மட்டும் ஓடிப் போனது. மற்றதெல்லாம் கழிவறைக்கு நேர் கீழே கரையான் புற்று மாதிரி எழும்பிக் காய்ந்துவிட்டது.

அதைக் கரைத்தது தண்ணீர்தான். வால்வை மூடி, முக்கால் டேங்க் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பி, பாக்டீரியா-என்சைம் மருந்து ஊற்றி இரண்டு நாள் ஊறவிட்டேன். பிறகு கழிவை வெளியேற்றும் இடம் வரை வண்டியை ஓட்டினேன். போகிற வழியில் தண்ணீர் அலம்பி அலம்பிச் சுவரைக் கழுவிவிடும். மூன்று தடவை இப்படிச் செய்த பிறகுதான் மீட்டர் இறங்கியது. பொறுமை வேண்டும். ஐஸ் கட்டி போட்டால் சுரண்டி எடுத்துவிடும் என்பார்கள். போட்டுப் பார்த்தேன். ஐஸ் மிதக்கும், கரையும், வேறொன்றும் நடக்காது. பிளீச் வேண்டாம், மருந்தில் இருக்கும் பாக்டீரியாவையே அது கொன்றுவிடும்.

டேங்கைக் கழுவ வெளியே தனி ஹோஸ் இணைப்பு இருந்தால் நல்லது. ஆனால் வால்வு மூடியிருக்கும்போது அதைத் திறந்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடாதீர்கள். டேங்க் நிரம்பினால் தண்ணீர் கழிவறை வழியாகவோ கூரைக் குழாய் வழியாகவோ வெளியே வரும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.

இப்போதெல்லாம் ஒவ்வொரு முறை காலி செய்ததும் 10, 15 லிட்டர் தண்ணீர் ஊற்றி அடித்தளத்தை மூடிவிடுகிறேன். ஃப்ளஷ் பண்ணும்போதும் தண்ணீரில் கஞ்சத்தனம் இல்லை. வால்வு மூடியே இருக்கும்; 2/3 நிரம்பினால்தான் திறப்பேன், அப்போதுதான் வேகமாக எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். முதலில் கழிவறை டேங்க், பிறகு சமையல்-குளியல் தண்ணீர் டேங்க். பின்னால் வரும் சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். பேப்பரை ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டுக் குலுக்கிப் பாருங்கள், பிய்ந்து துகள் துகளாகாவிட்டால் அந்த வகை வேண்டாம்.

சமையல் தண்ணீர் டேங்கின் சென்சாரைக் கெடுப்பது எண்ணெய். தட்டையும் வாணலியையும் துடைத்துவிட்டுக் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும்.

இவ்வளவு செய்தும் அசையவில்லை என்றால் டேங்குக்கு வெளியே திருகில் மாட்டியிருக்கும் வயரைப் பாருங்கள், துரு பிடித்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால், டேங்கின் வெளிச்சுவரில் ஒட்டும் பட்டை சென்சார்கள் கிடைக்கின்றன. அவை கழிவைத் தொடுவதே இல்லை.