டைப் 6 என்றாலே நட்சத்திரமா?

கேள்வி: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்காக ஸ்லோன் வான் ஆய்வின் (வானத்தைப் படமும் நிறமாலையும் எடுத்த எஸ்டிஎஸ்எஸ்) தரவில் டைப் பத்தியில் 6 என்று இருப்பதையெல்லாம் நட்சத்திரம் என்று எடுத்தேன். நிறமாலையோடு (ஒளியை நிறங்களாகப் பிரித்த பதிவு) ஒப்பிட்டால் சில குவாசார் என்று வருகின்றன. தரவு தப்பா? எப்படிப் பிரிப்பது?

பதில்: தரவு சரிதான். டைப் என்பது படத்தில் தெரியும் வடிவம் மட்டுமே, பரவலாகத் தெரிந்தால் 3, புள்ளியாகத் தெரிந்தால் 6. குவாசாரில், அதாவது ஒரு விண்மீன் திரளின் மிகப் பிரகாசமான மையத்தில், கருந்துளையைச் சுற்றும் வாயு வீசுகிற ஒளி, அது இருக்கும் விண்மீன் திரளையே மங்கடித்துவிடும், தூரமும் அதிகம், அப்புறம் புள்ளியாகத்தானே விழும்? 3சி 273 என்ற குவாசார்கூடப் பார்வைக்கு நட்சத்திரம் போலத்தான் இருந்தது. 1963இல் வானியலாளர் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலைக் கோடுகள் கிட்டத்தட்ட 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருப்பதைக் கண்டபிறகுதான் அது மிகத் தொலைவில் இருப்பது புரிந்தது.

நிறமாலை இருக்கும் பொருளுக்கு பொருளின் வகையைச் சொல்லும் கிளாஸ் பத்தியை நம்புங்கள், ஆனால் இசட்வார்னிங் (அளவீட்டில் சிக்கல் உண்டா என்று காட்டும் எண்) 0 என்று இருப்பதை மட்டும் எடுங்கள். ஒரு எச்சரிக்கை: இசட் என்பது நிறமாலை அட்டவணையில் சிவப்புப்பெயர்ச்சி (கோடுகள் சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவு), ஒளியளவு (பிரகாசத்தின் அளவு, எண் கூடினால் மங்கல்) அட்டவணையில் அதே பெயர் ஐந்தாவது வடிகட்டியின் ஒளியளவு. இரண்டையும் இணைத்து வினவும்போது அட்டவணைப் பெயரைச் சேர்த்தே எழுதுங்கள்.

நிறமாலை இல்லையென்றால் நிறம். தூசி மறைப்பைத் திருத்தியபின் யூ கழித்தல் ஜி (புற ஊதா, பச்சை வடிகட்டிகளின் ஒளியளவு வித்தியாசம்) 0.6க்குக் குறைவாக இருந்தால் குவாசாராக இருக்க வாய்ப்பு உண்டு, ஏனென்றால் சாதாரண நட்சத்திரங்கள் புற ஊதாவில் சட்டென்று மங்கும், குவாசார் அப்படி மங்காது. ஆனால் வெண்குறுமீன்களும் (எரிந்து முடிந்த நட்சத்திரங்களின் சூடான மிச்சங்கள்) இதே வலையில் விழும். சிவப்புப்பெயர்ச்சி 2.2 தாண்டினால் ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு யூ வடிகட்டியை விட்டு வெளியேறி இந்த உத்தியே பலிக்காமல் போகும், 2.7 பக்கம் குவாசாரின் நிறம் ஏ, எஃப் வகை (சூரியனைவிடச் சூடான) நட்சத்திரங்களின் நிறத்தோடு அப்படியே கலந்துவிடுகிறது, அங்கே நிறத்தை மட்டும் வைத்துப் பிரிக்க நான் முயலவே மாட்டேன்.

அதற்கு மற்ற ஆய்வுகளைச் சேர்த்துப் பாருங்கள். வைஸ் விண்கலத்தின் அகச்சிவப்புத் தரவில் டபிள்யூ1 கழித்தல் டபிள்யூ2 (அதன் முதல் இரண்டு வடிகட்டிகளின் ஒளியளவு வித்தியாசம்) 0.8க்கு மேல் போனால் அது பெரும்பாலும் குவாசார்தான், சாதாரண நட்சத்திரங்கள் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும். கையா விண்கலத்தின் தரவில் இடமாறு தோற்றத்தையும் (பூமி சூரியனைச் சுற்றுவதால் தெரியும் இட மாற்றம்) சுய இயக்கத்தையும் (பொருள் வானில் நகரும் வேகம்) பாருங்கள். பக்கத்திலிருக்கும் வெண்குறுமீன் நகரும், குவாசார் நகராது. வெறும் மதிப்பைப் பார்க்காமல் பிழையால் வகுத்துப் பாருங்கள், அளவீட்டில் எதுவும் சரியாகப் பூஜ்யம் வராது. கையா சுமார் 21ஆம் ஒளியளவோடு நின்றுவிடும், ஸ்லோன் படங்கள் 22 தாண்டியும் போகும், அந்த மங்கல் பொருட்களுக்கு இந்தச் சோதனை கிடையாது.

இன்னொன்று, நிறமாலை அட்டவணையில் குவாசார்களை எண்ணி வானில் இத்தனை சதவீதம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ஆரம்பத்தில் ஒரு தட்டுக்கு 640 ஒளியிழைகள்தான், அதாவது ஒரே நேரத்தில் அத்தனை நிறமாலைதான் எடுக்கலாம், ஆகவே எதற்கு நிறமாலை எடுப்பது என்று நிறத்தைப் பார்த்து முன்கூட்டியே தேர்ந்தெடுத்தார்கள், அந்த விகிதம் அவர்கள் தேர்வைக் காட்டும், வானத்தை அல்ல.