அம்மாவின் செருப்பு எங்கே?

கேள்வி: நான்கு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில் இருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. அப்பா இறந்த பிறகு 74 வயதான அம்மாவை எங்களோடு அழைத்து வந்துவிட்டேன். அவருக்கு முழங்கால் வலி. அவருக்காகவே லிஃப்ட் வைக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாகப் போராடுகிறேன். "நாங்கள் ஏறப்போவதில்லை, எதற்குப் பணம் தர வேண்டும்?" என்கிறார்கள் தரைத்தளத்தில் இருப்பவர்கள். கூட்டம் கூடினாலே சண்டைதான். இப்போது பொது நடைபாதையில் செருப்பு அடுக்கு வைக்கக் கூடாது என்று அடுத்த தகராறு. சிறிய அடுக்காக வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டோம். இடம் போதாததால் அம்மாவின் செருப்பை எடுத்துப் போட்டுவிட்டோம், அவர்தான் வெளியே போவதில்லையே. இப்படிப்பட்டவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: தம்பி, லிஃப்டைப் பற்றியும் அண்டை வீட்டாரைப் பற்றியும் பத்தி பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் செருப்புக்கு ஒரே ஒரு வரி. அந்த வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

கூட்டத்துக்குக் கூட்டம் அம்மாவின் பெயரைச் சொல்லி வாதாடுகிறீர்கள். அதே அம்மா இனி படி இறங்கப்போவதே இல்லை என்று வீட்டுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். யாரைக் கேட்டு எழுதினீர்கள்? செருப்பை எடுத்துப் போட்டது அவருக்குத் தெரியுமா? நாளைக்கே லிஃப்ட் வந்து நின்றாலும் அவர் வெறுங்காலோடா இறங்குவார்?

அவர் ஒன்றும் சொல்லவில்லை என்பீர்கள். சொல்ல மாட்டார். கணவரை இழந்து, பழகிய வீட்டை விட்டு மகன் வீட்டுக்கு வந்தவர் ஒரு ஜோடி செருப்புக்காக வாய் திறப்பாரா? பிள்ளைகளுக்கு இடைஞ்சலாக இருக்கிறோமோ என்று ஏற்கெனவே ஒடுங்கி இருப்பவர்களின் பொருளைத்தான், இடம் போதவில்லை என்றதும் நம் கை முதலில் எடுக்கிறது. அந்த அடுக்கில் உங்களுக்கு எத்தனை ஜோடி இருக்கிறது? போய் எண்ணிப் பாருங்கள்.

படியில் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். நியாயமான பயம்தான். கீழே விழுந்து உலகம் முழுவதும் ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் 60 வயதைக் கடந்தவர்களே அதிகம். ஆனால் உட்கார்த்தி வைத்தால் அந்த ஆபத்து குறையாது, வளரும். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், சராசரியாக 67 வயதான, நோய் நொடி இல்லாதவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ சதை கரைந்துபோயிருந்தது. உங்கள் அம்மா படுக்கையில் இல்லை, வீட்டுக்குள் நடமாடுகிறார், சரி. ஆனால் படியை மறந்த கால்கள் அவை. இன்று இறங்கத் தயங்குகிறவர் இன்னும் ஓராண்டு கழித்துக் குளியலறையிலேயே தடுமாறுவார். ஜன்னலோரம் வெயிலில் உட்காருகிறாரே என்றும் சமாதானம் சொல்லாதீர்கள். தோலில் வைட்டமின் டி உண்டாக்கும் கதிர்கள் கண்ணாடியைத் தாண்டி வருவதில்லை.

முழங்கால் வலி என்பதற்கு மேல் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. எந்த மருத்துவரிடம் காட்டினீர்கள், அவர் என்ன சொன்னார்? மூட்டுத் தேய்மானம் என்றால் உடற்பயிற்சிதான் முதல் சிகிச்சைகளில் ஒன்று. தொடைத் தசை வலுத்தால் மூட்டின் பாரம் குறையும். எலும்பு மூட்டு மருத்துவரிடம் ஒருமுறை, பிறகு இயன்முறை மருத்துவரிடம் சில வாரங்கள் அழைத்துப் போங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில் என்பதை அவர் பழக்கிக் கொடுப்பார். முதல் வாரம் ஒரு மாடி இறங்கி ஏறினால் போதும். நீங்கள் ஒரு படி கீழே நில்லுங்கள். அவசரப்படுத்தாதீர்கள்.

லிஃப்ட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய கட்டடத்தில் வைப்பதற்குக் கட்டுமானப் பொறியாளர் பார்க்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். எல்லாரும் இன்றே தலையாட்டினாலும் மாதங்கள் ஓடிவிடும். அடுத்த கூட்டத்தில் படிக்கட்டைப் பற்றிப் பேசுங்கள்: இரு பக்கமும் கைப்பிடி, ஒவ்வொரு திருப்பத்திலும் நல்ல வெளிச்சம், படி விளிம்பில் கண்ணில் படும் பட்டை, வழியை மறிக்காத இடமிருந்தால் உட்கார ஒரு நாற்காலி. தரைத்தளத்துக் குழந்தைகளும் மொட்டை மாடிக்கு அந்தப் படியில்தான் ஏறுகிறார்கள். செருப்பு அடுக்கு விஷயத்தில் அண்டை வீட்டார் சொன்னது சரி, அதையும் ஒப்புக்கொள்ளுங்கள். தீப்பிடித்தால் புகைக்குள் எல்லாரும் ஓட வேண்டிய வழி அது.

இன்னொன்று. கீழே இருப்பவர்களில் எத்தனை பேர் உங்கள் அம்மாவைப் பார்த்திருப்பார்கள்? முகம் தெரியாத ஒருவருக்காகப் பணம் எடுக்க யாருக்கும் கை வராது. அவர் மெல்ல இறங்கி வந்து, அவர்கள் வாசலில் மூச்சு வாங்க நின்று, இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகட்டும். இரண்டு ஆண்டுகளாக நீங்கள் கத்திப் பார்த்ததைவிட அது அதிகம் செய்யும். லிஃப்டுக்காக அவரைக் காட்சிக்கு வைக்கச் சொல்லவில்லை. அக்கம்பக்கம் என்று ஒன்று அவருக்கும் இருக்கட்டும் என்கிறேன். பணப் பங்கைப் பிறகு பேசலாம். மேலே போகப் போக அதிகம், தரைத்தளத்துக்கு மிகக் குறைவு என்று நீங்களே முதலில் சொல்லுங்கள்.

பெற்றவர்களைப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நம்புகிறவள் நான். அம்மாவை அழைத்து வந்ததற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் வேளைக்குச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ஏற்க மாட்டேன். நினைத்தபோது வாசலைத் தாண்டிப் போய் நாலு முகம் பார்த்துவிட்டு வர முடியாதவருக்கு அது மகன் வீடுதான், தன் வீடு ஆகாது.

இன்று மாலை அவர் பாதத்தை ஒரு காகிதத்தில் வைத்து அளவெடுங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும், அந்த அளவுதான் சரியாக வரும். குதிகாலைப் பிடிக்கும் வார், வழுக்காத அடிப்பாகம், லேசான எடை, இவை முக்கியம். நிறத்தை அவரிடம் கேளுங்கள். வாங்கி வந்து மேல்தட்டில், அவர் குனியாமல் எடுக்கும் இடத்தில் வையுங்கள். உங்கள் செருப்பு கீழே போகட்டும்.