அப்பா இனிமேல் குடியை நிறுத்தி என்ன பயன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 59 வயது. 25 ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறார், பீடியும் உண்டு. ஓராண்டாக மறதி அதிகமாகிவிட்டது, நடை தள்ளாடுகிறது. போகாத ஊருக்கு நேற்றுப் போய்வந்ததாகச் சாதிக்கிறார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையில் ‘வயதுக்கு மீறிய மூளைச் சுருக்கம்’ என்று எழுதியிருக்கிறார்கள். அல்சைமராக இருக்கும் என்கிறார்கள் உறவினர்கள். “மூளையே போன பிறகு குடியை நிறுத்தி என்ன ஆகப் போகிறது, இருக்கும்வரை குடித்துவிட்டுப் போகட்டும்” என்கிறார் அண்ணன். பெட் ஸ்கேன் எடுத்தால் உறுதியாகத் தெரிந்துவிடுமாம். கடன் வாங்கியாவது எடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புள்ள சகோதரி,

பெட் ஸ்கேனைப் பற்றிப் பேசும் முன் உங்கள் அண்ணனின் வாதத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். மூளை போய்விட்டது என்று அந்த அறிக்கை சொல்லவில்லை. மண்டையோட்டுக்குள் மூளை அடைத்திருக்கும் இடம் குறைந்து, நீர் நிற்கும் இடைவெளிகள் அகன்றிருக்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. அல்சைமர் நோயில் அந்தச் சுருக்கம் ஒருவழிப் பாதைதான். குடியால் வரும் சுருக்கம் அப்படியே நின்றுவிடுவதில்லை என்பதை, சி.டி. ஸ்கேன் புதிதாகப் புழக்கத்துக்கு வந்திருந்த 1978ஆம் ஆண்டிலேயே டொரன்டோவைச் சேர்ந்த பீட்டர் கார்லனின் குழு காட்டியது. குடியை விட்டவர்களில் சிலருக்கு மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது சுருக்கம் குறைந்திருந்தது.

வறண்டிருந்த மூளையில் நீர் ஏறியதைத்தான் மீட்சி என்று தவறாக எண்ணுகிறார்களோ என்ற ஐயம் எழுந்தது, நியாயமான ஐயம்தான். 2007இல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் பார்ட்ஷ் குழு, குடியை விட்ட 15 பேரை ஆறேழு வார இடைவெளியில் இருமுறை ஸ்கேன் செய்து, மூளையின் அளவு சராசரியாக ஏறத்தாழ 2 சதவீதம் கூடியிருப்பதைக் கண்டது. கூடவே மூளையிலுள்ள வேதிப்பொருள்களையும் அளந்ததால், வெறும் நீரேற்றம் இப்படி ஒரு மாற்றத்தைத் தராது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இறந்த நரம்பணு திரும்புவதில்லை. ஆனால் குடியால் குறைவது பெரும்பாலும் வெண்பொருள் எனப்படும் இணைப்பு இழைகளின் பகுதி என்று, இறந்தவர்களின் மூளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஆஸ்திரேலியாவின் கிளைவ் ஹார்ப்பர் எழுதியிருக்கிறார். மீட்சிக்கு இடம் இருப்பது அங்கேதான்.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த ஜெர்மன் ஆய்வில், எல்லோரையும்விட நீண்ட காலம் குடித்திருந்தவருக்கு மூளையின் அளவு கூடவில்லை. வயதும் எதிராக நிற்கிறது. புகைப்பவர்களுக்கு மீட்சி மெதுவாகத்தான் நடக்கிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே அப்பா பழைய ஆளாகிவிடுவார் என்று நான் உறுதி கூற மாட்டேன். குடி தொடர்ந்தால் சுருக்கமும் தொடரும் என்பதில் மட்டும் எனக்குத் தயக்கமில்லை.

பெட் ஸ்கேன், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸை எரிக்கிறது என்று காட்டும். அல்சைமரில் காதுக்கு மேலுள்ள பொட்டுப் பகுதியும் பின்புறப் பகுதிகளும் மங்கும். குடியில் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மடல் மங்கும். கேட்பதற்குத் தெளிவான வேறுபாடுதான். ஆனால் அமெரிக்காவின் நோரா வோல்கோவ் 1994இல் வெளியிட்ட ஆய்வில், குடியை நிறுத்திய முதல் சில வாரங்களிலேயே அந்த மங்கல் பெருமளவு தெளிந்துவிடுவது தெரிந்தது. குடித்துக்கொண்டிருப்பவருக்கு இன்று எடுக்கும் பெட் ஸ்கேன், கலங்கிய குளத்தை எட்டிப்பார்த்து ஆழம் சொல்வது போன்றது. குடியால் வந்த மறதி நோய் என்று முடிவு கட்டும் முன் கடைசிக் குடிக்குப் பின் குறைந்தது 60 நாள்களாவது கழிந்திருக்க வேண்டும் என்று டேவிட் ஆஸ்லினின் குழு 1998இல் வகுத்த வரையறை சொல்கிறது. கடன் வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஸ்கேனைவிட என்னைக் கவலைப்படுத்தியது, போகாத ஊருக்குப் போய்வந்ததாக அவர் சொல்வதுதான். வீட்டில் அதைப் பொய் என்று எண்ணிச் சண்டை போடுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். அது பொய்யாக இல்லாமல் இருக்கலாம். நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாகவே ஒரு கதையால் அடைக்கிறது. சொல்பவர் அதை நம்பியே சொல்கிறார். ரஷ்ய மருத்துவர் கோர்சகாஃப் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் விவரித்த நோய் இது. 1881இல் கார்ல் வெர்னிக்கே விவரித்த தள்ளாட்டமும் கண் அசைவுக் கோளாறும் மனக்குழப்பமும் பல வேளைகளில் இதற்கு முன்னோடியாக வருகின்றன. இரண்டுக்கும் அடிப்படை தயாமின், அதாவது வைட்டமின் பி1 பற்றாக்குறை. குடிப்பவர் சரியாகச் சாப்பிடுவதில்லை; சாப்பிட்டதிலிருந்தும் குடல் அதை உறிஞ்ச மதுவே தடையாகிறது. மூளையின் அடியில் பட்டாணி அளவில் இரண்டு சிறு மேடுகள் உண்டு. இந்தப் பற்றாக்குறையில் அவை சுருங்குவதை எம்.ஆர்.ஐ. காட்டக்கூடும், காட்டாமலும் போகலாம். ஸ்கேன் தெளிவாக இருக்கிறது என்பதற்காக இந்நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. பிணப் பரிசோதனையில் வெர்னிக்கே நோய் தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு, உயிரோடிருந்தபோது யாரும் அதைக் கண்டுபிடித்திருக்கவில்லை என்பதும் ஹார்ப்பரின் ஆய்வில் வெளிவந்ததுதான். இந்நோயைத் தடுக்கவே ஆஸ்திரேலியா 1991 முதல் ரொட்டி மாவில் தயாமின் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியிருக்கிறது.

ஆகவே இந்த வாரமே மருத்துவரிடம் ‘தயாமின் ஊசி தேவையா’ என்று கேளுங்கள். ‘ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றினால் தெம்பு வந்துவிடும்’ என்று யார் சொன்னாலும் தயாமின் கொடுக்காமல் ஏற்ற விடாதீர்கள். மிச்சமிருக்கும் தயாமினையும் அந்தக் குளுக்கோஸ் தீர்த்துவிடும். பி12, தைராய்டு பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். கீழே விழுந்து தலையில் அடிபட்டதுண்டா என்பதையும் சொல்லுங்கள். குடிப்பவர்களுக்கு மண்டைக்குள் மெதுவாக இரத்தம் கட்டுவது அரிதல்ல. இந்தக் கட்டத்தில் ஸ்கேனின் பெரிய பயன் அதைக் கண்டுபிடிப்பதுதான்.

உறவினர்களின் அல்சைமர் ஊகத்துக்கும் ஒரு சொல். பிரான்சில் 2008 முதல் 2013 வரையிலான மருத்துவமனைப் பதிவுகளை ஆராய்ந்தபோது, 65 வயதுக்குள் மறதி நோய் வந்த 57,353 பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குக் குடியோடு தொடர்பு இருந்தது. இது தொடர்புதான், காரணம் என்று நிறுவப்பட்டதல்ல. என்றாலும் 59 வயதில் குடிதான் முதலில் விசாரிக்க வேண்டிய ஆள்.

நிறுத்தும் முறையில் எச்சரிக்கை வேண்டும். இத்தனை ஆண்டுகள் தினமும் குடித்தவரை அறையில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், அடுத்த நாள்களில் உயிருக்கே ஆபத்தான பிதற்றலும் வரக்கூடும். சாம்பாரில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கும் வேலையும் வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் உள்நோயாளியாகச் சேர்த்து நிறுத்துவதே பாதுகாப்பு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மனஸின் இலவசத் தொலைபேசி எண் 14416இல் கேட்கலாம்.

இரண்டு மாதம் குடியின்றிக் கழிந்த பிறகு நினைவாற்றல் சோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். அப்போதும் மறதி கூடிக்கொண்டே போனால் பெட் ஸ்கேன் தேவையா என்பதை நரம்பியல் மருத்துவர் முடிவு செய்யட்டும். இப்போதைய ஸ்கேன் ஃபிலிமையும் குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அந்த மருத்துவருக்கு அவை தேவைப்படும்.