பழைய வீட்டைக் காப்பாற்றியவருக்குக் கேடயம் கொடுத்தால் என்ன பயன்?

கேள்வி இது: நகரத்தில் இருக்கும் பழைய பாரம்பரிய வீடுகளைச் சொந்தச் செலவில் சரிசெய்யும் உரிமையாளர்களுக்கு விருது, பெயர்ப்பலகை என்று கொடுத்துப் பாராட்டுவதால் உண்மையில் ஏதாவது நடக்கிறதா, இல்லை வெறும் மேடைச் சடங்குதானா?

அப்படி ஒரு கேடயம் எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அந்த உரிமையில் சொல்கிறேன். நடக்கிறது. ஆனால் கேடயம் வாங்கிய வீட்டில் அல்ல, இன்னும் முடிவெடுக்காத வீட்டில்.

எங்கள் வீடு புதுச்சேரியில், பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதியில் இருக்கிறது. வாய்க்காலுக்குக் கிழக்கே கடற்கரைப் பக்கம்தான் வெளியூர்க்காரர்கள் மஞ்சள் சுவர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பிரெஞ்சுப் பகுதி. எங்கள் பக்கத்து வீடுகளின் அமைப்பே வேறு. தெருவை ஒட்டி மரத்தூண் வைத்த தாழ்வாரம், அதற்குள் திண்ணை, தலைவாசல், உள்ளே முற்றம். வசதி வந்து மாடி எடுத்தவர்கள் மேலே மட்டும் வளைவு வைத்த சன்னலும் சிமிழ் சிமிழாகக் கைப்பிடிச்சுவரும் வைத்துக்கொண்டார்கள். கீழே தமிழ், மேலே பிரெஞ்சு. எங்களுடையது அந்த ரகம். தாத்தாவின் அப்பா கட்டியது.

தாத்தா போன பிறகு வீடு நான்கு பங்கானது. அப்பா, இரண்டு சித்தப்பா, ஒரு அத்தை. அத்தை இருப்பது பாரீஸ் பக்கம், மாமா சொல்தா. (பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம்.) 2013-ல் சின்ன சித்தப்பா ஒரு பில்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். இடித்துவிட்டு ஆறு ஃப்ளாட். ஆளுக்கு ஒன்று, பில்டருக்கு இரண்டு. கணக்கில் ஒரு குறையும் இல்லை. அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. "நம்ம வீடுடா" என்பதைத் தவிர அவரிடம் வேறு வாதம் எதுவும் இல்லை. அதைச் சொன்னால் கிழவர் அழுகிறார் என்றார்கள்.

அடுத்த ஆண்டு நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்து நகரமன்றம் அது. பராமரிப்பு இல்லாமல் நின்று நின்று ஒரு நாள் உட்கார்ந்துவிட்டது. சித்தப்பா மறுநாள் காலையிலேயே போன் செய்து, "சர்க்கார் கட்டடமே நிக்கல, நம்முளுது நிக்குமா?" என்று கேட்டார். அதற்கும் அப்பாவிடம் பதில் இல்லை. (பின்னால் அதை அதே முகத்தோடு சுமார் 15 கோடி ரூபாயில் திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். காலத்தில் ஓட்டை அடைத்திருந்தால் எவ்வளவு ஆகியிருக்கும் என்று அப்பா இன்றைக்கும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்.)

இந்த நேரத்தில் எங்களுக்குக் கைகொடுத்தது எங்களுக்கு வந்த விருது அல்ல, வைசியாள் வீதிக்கு வந்த விருது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2002 முதல் 2004 வரை ஆசியா ஊர்ப்ஸ் என்ற ஐரோப்பிய ஒன்றியத் திட்டம் ஒன்று இங்கே நடந்தது. புதுச்சேரி நகராட்சி, இத்தாலியின் உர்பினோ, பிரான்சின் வில்நெவ் சுர் லோ ஆகிய மூன்று ஊர்களும் சேர்ந்தன. களத்தில் வேலை செய்தது பழைய கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் என்ற அமைப்பு. வைசியாள் வீதியில் வரிசையாக இருந்த தமிழ் வீடுகளின் தெருமுகத்தைப் பழையபடி கொண்டுவந்தார்கள். செலவைத் திட்டமும் வீட்டுக்காரரும் பகிர்ந்துகொண்டார்கள். அதற்கு முன்னால் அந்தத் தெருவில் கிரில் கதவும் சிமென்ட் தட்டியும் விளம்பரப் பலகையுமாகத் தாழ்வாரங்கள் மறைந்து கிடந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் ஒன்று அந்த வேலைக்குக் கிடைத்தது.

2015-ல் அத்தை லீவில் வந்தபோது அப்பா பேச்சுவார்த்தை எதுவும் நடத்தவில்லை. சாயங்காலம் காப்பி குடித்துவிட்டு, "வா, நடந்துட்டு வரலாம்" என்று வைசியாள் வீதிக்குக் கூட்டிப்போனார். நானும் கூடப் போனேன். அத்தை ஒரு தாழ்வாரத்துத் தூணைத் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு வீட்டின் முன்னால் நின்று வெள்ளைக்காரர்கள் நான்கு பேர் படம் எடுப்பதைப் பார்த்தார். "இது நம்ம வூடு மாதிரியே இருக்கே" என்றார். "மாதிரி என்ன, இதைவிட நம்மளுது நீளம்" என்றார் அப்பா.

அப்போதுதான் அத்தை பிரான்சு கதையைச் சொன்னார். அவர் இருக்கும் ஊரில் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய வீட்டுக்கு ஒரு சின்னப் பலகை மாட்டியிருக்கிறார்களாம். ஃபோந்தாசியோன் து பத்ரிமுவான் என்ற அமைப்பு கொடுக்கும் முத்திரை அது. 1996-ல் சட்டம் போட்டு உண்டாக்கிய அமைப்பு. அந்த முத்திரை கிடைத்த வீட்டின் வெளிப்புற வேலைக்குச் செலவழித்தால் வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். "அங்க பலகையும் குடுக்குறான், காசும் குடுக்குறான். இங்க நாம இடிக்கப் பாக்குறோம்" என்று அத்தை சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. ஊருக்குத் திரும்புவதற்கு முன், இடிக்கிற பத்திரத்தில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். நான்கில் ஒரு கையெழுத்து இல்லையென்றால் பில்டர் என்ன செய்வார்? எங்கள் தெருவிலேயே வேறு வீட்டுக்குப் போய்விட்டார். அது இப்போது ஆறு ஃப்ளாட்.

ஆக, எவருக்கோ கொடுத்த பாராட்டு எங்கள் பங்காளிச் சண்டையில் ஐந்தாவது கையெழுத்து மாதிரி வேலை செய்தது. பழைய வீட்டில் இருப்பது வக்கில்லாதவன் வேலை என்ற நினைப்பு எங்கள் குடும்பத்திலேயே இருந்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வரும்போது முற்றத்தை மறைத்துத் துணி கட்டியிருக்கிறோம். அந்தக் கூச்சத்தை உடைக்க எங்கள் அப்பாவின் பாசம் போதவில்லை. வெளியிலிருந்து யாரோ வந்து இது நல்ல வீடு என்று சொல்ல வேண்டியிருந்தது.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. விருது கொடுப்பவர்கள் இதை வந்து பார்த்திருக்க வேண்டும்.

எல்லோரும் முகப்பைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் தலைவலி முழுக்கக் கூரையில் இருந்தது. மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளுக்கு மேலே சின்னச் செங்கல்லை மூலைவாட்டில் நெட்டுக்குத்தலாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடைசியில் தட்டோடு பதித்திருப்பார்கள். எங்களுடையதில் ஏழு கட்டை உளுத்திருந்தது. சுவரில் பொருந்துகிற முனையில்தான் எல்லாம் போயிருந்தது, நடுவில் இரும்பாக இருந்தது. மேஸ்திரி விழுப்புரம் பக்கத்து ஆள், வயது அறுபதுக்கு மேல். ஜல்லி போட்ட பிறகு பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையாகக் குந்தி, மட்டைக் கட்டையால் மூன்று நாள் அடித்தார்கள். பாட்டுப் பாடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சீரியல் கதை பேசிக்கொண்டே அடித்தார்கள்.

சுண்ணாம்பைத் தாளித்துத் தொட்டியில் வாரக்கணக்கில் போட்டு வைக்க வேண்டும். கடுக்காயை உடைத்து ஊறவைத்த தண்ணீர், வெல்லம், எல்லாம் கலந்து அரைப்பார்கள். வீடு முழுக்க ஒரு புளித்த வாடை. எறும்பு வேறு.

சுவர்க் கதை எங்கள் குற்றம். எண்பதுகளில் ஈரம் ஏறுகிறது என்று அப்பாவே கூடத்துச் சுவரில் இடுப்புயரத்துக்குச் சிமென்ட் பூசிவிட்டார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான். சுண்ணாம்புச் சுவரில் ஏறுகிற ஈரம் சுவர் வழியாகவே காற்றில் போய்விடும்; சிமென்ட் அதை அடைத்துவிடும். அடைத்த ஈரம் சும்மா இருக்குமா, தோளுயரம் ஏறி உப்புப் பூத்தது. மேஸ்திரி விரல் முட்டியால் ஒவ்வொரு அடியாகத் தட்டிக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் நின்று, "கேளுங்க, பொத்துன்னு கேக்குது. செவுத்தை வுட்டு எப்பவோ கழண்டுகிச்சி. சும்மா நின்னுட்டிருக்கு" என்றார். கொத்திவிட்டதும் முறம் அகலத்துக்கு ஒரே பாளமாக விழுந்தது. உள்ளே செங்கல் மாவாக இருந்தது. அப்பா அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை.

செலவு முதலில் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு ஆனது. அதை விடுங்கள்.

முடித்த இரண்டாம் ஆண்டு ஊரில் ஒரு விழாவில் எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பாவுக்குப் பொன்னாடை, கேடயம், ஒரு சான்றிதழ். சான்றிதழில் வீதியின் பெயர் தப்பு. மேஸ்திரியையும் கூட்டிப்போயிருந்தோம், வெளுத்த வேட்டி கட்டி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. மேடையில் இருந்தபடியே அப்பா மைக்கைக் கேட்டு வாங்கி, "கட்டுனவரு அங்க இருக்காரு" என்று கையைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்துக் கைதட்டினார்கள். மேஸ்திரி எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து உட்கார்ந்தார். அந்தப் பொன்னாடையைத் திரும்பி வரும்போது பஸ் ஸ்டாண்டில் அப்பா அவருக்குப் போர்த்திவிட்டார்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். விருது கொடுங்கள், ஆனால் சில விஷயங்களை மாற்றினால் காசு வீணாகாது என்று நினைக்கிறேன்.

முதலில், விருது எப்போதும் முடிந்த வேலைக்குத்தான் வருகிறது. யுனெஸ்கோ விருதுக்கே, வேலை முடிந்து ஓராண்டாவது கட்டடம் புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். அதில் தப்பில்லை, அரைகுறை வேலைக்கு யார் கொடுப்பார்கள்? ஆனால் ஒரு வீடு பிழைப்பதும் சாவதும் வேலை ஆரம்பிப்பதற்கு முன்னால், பங்காளிகள் கூடத்தில் உட்கார்ந்து பேசும் அந்த ஒரு மாதத்தில் முடிவாகிறது. அந்த மாதத்தில் நகராட்சி பெயரில் ஒரு கடிதம் வந்தால், "உங்கள் வீட்டுக்கு இன்ன சிறப்பு இருக்கிறது, மராமத்துக்கு ஆலோசனை சொல்ல ஒருவரை இலவசமாக அனுப்புகிறோம்" என்று இரண்டு வரி இருந்தால், நான்கு கேடயத்துக்குச் சமம். தொண்ணூறுகளில் இன்டாக் எடுத்த கணக்கில் இந்த ஊரில் ஏறத்தாழ 1,800 பழைய கட்டடங்கள் இருந்தன. அதில் நூற்றுக்கணக்கானவை இன்று இல்லை. அந்த வீட்டுக்காரர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு கடிதம் போயிருக்கும்?

இரண்டாவது, பலகையைத் தெருவைப் பார்த்து மாட்டுங்கள். அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் என்ற ஊரில் 1953 முதல் கரோலோபோலிஸ் என்ற விருது கொடுக்கிறார்கள். நல்லபடியாகச் சரிசெய்த வீட்டுக்கு ஒரு சின்ன வட்டப் பலகை, சுவரில் வெளிப்பக்கம் பதிப்பார்கள். அந்த ஊரில் நடக்கிறவன் எண்ணிக்கொண்டே போகலாம். எங்கள் கேடயமோ பரணில். அதை யார் பார்த்து எந்தச் சித்தப்பா மனசு மாறப்போகிறார்?

மூன்றாவது, காசு. பாதிச் செலவு தர முடியாவிட்டால் போகட்டும், சொத்து வரியிலாவது நான்கைந்து வருஷம் கழிவு கொடுக்கலாம். பழசை வைத்திருப்பவன் தலையில் கட்டுப்பாட்டை மட்டும் ஏற்றினால், பட்டியலில் பெயர் வரும் முன்னால் இடித்துவிடலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

ஆளை வைத்துப் பார்த்தும் கொடுக்க வேண்டும். ஹோட்டலாக மாற்றுவதற்காகச் சரிசெய்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்கள் இல்லையென்றால் இன்னும் பல வீடுகள் போயிருக்கும். ஆனால் அவர்களுக்கு வாடகை வருகிறது, அதுவே பாராட்டு. ஓய்வூதியத்தில் கூரை மாற்றுகிற வாத்தியாருக்கும் அதே மேடையில் அதே விருது என்றால் எனக்கு இடிக்கிறது.

அப்புறம், கொத்தனார், தச்சர் பெயரும் பலகையில் இருக்கட்டும். இது மரியாதைக்காக மட்டும் சொல்லவில்லை. பழைய வீடு வைத்திருப்பவருக்கு உடனடியாகத் தேவைப்படுவது ஆள். சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி யார் என்று கேட்டு நாங்கள் எட்டு மாதம் அலைந்தோம். ஒரு பலகையில் பெயர் இருந்திருந்தால் எட்டு நாளில் முடிந்திருக்கும்.

சின்ன சித்தப்பா இப்போது வந்தால் திண்ணையில்தான் உட்காருகிறார். ஃப்ளாட் பேச்சை எடுப்பதில்லை. போன மாதம் எதிர்வீட்டுக்காரரிடம் எங்கள் தட்டோட்டைக் காட்டி, அது எப்படிப் போட்டது என்று விளக்கிக்கொண்டிருந்தார். பாதி தப்பாகச் சொன்னார், அப்பா திருத்தவில்லை. எதிர்வீட்டுக்காரர் மேஸ்திரி நம்பரை வாங்கிக்கொண்டு போனார். ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிட்டால் அவர் வர மாட்டார், மழையில் சுண்ணாம்பைத் தொட மாட்டார், தை பிறந்ததும் பேசுங்கள் என்று அப்பா பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.