‘நான் லிபரல்’ என்று சொன்னதற்குப் பிறகு மூன்று மாதம்

கேள்வி: வீட்டில் என்னை ‘லிபரல்’ என்று திட்டுகிறார்கள். கல்லூரியில் ‘கன்சர்வேடிவ்’ என்கிறார்கள். இந்த வார்த்தைகளுக்குச் சரியான அர்த்தம் என்ன? நான் எந்தப் பக்கம்?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. நீங்கள் இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ படிப்பவர் என்று நினைக்கிறேன். சாப்பிடும்போது அப்பாவோடு ஒரு வாக்குவாதம், ராத்திரி வாட்ஸாப் குழுவில் இன்னொன்று. அகராதி அர்த்தம் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் நான் பட்டதைச் சொல்கிறேன்.

2005 தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்து மதுரையிலிருந்து சிட்னி வந்தேன். மெக்கானிக்கல் டிகிரி, ஏழு வருட அனுபவம். போன இடமெல்லாம் ‘லோக்கல் எக்ஸ்பீரியன்ஸ் இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வி. விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது என் அனுபவத்துக்குப் புள்ளி போட்ட நாடு, வேலை கேட்டுப் போனால் அதையே செல்லாக் காசாக்கிவிட்டது. இருபது வருடம் ஆகியும் ஆறாத கோபம் இது. இப்போது வருகிற பிள்ளைகளுக்கும் அதே பதில்தான் கிடைக்கிறது. யாராவது தனிக் கேள்வியாகக் கேட்டால் விரிவாக எழுதுகிறேன்.

கடைசியில் ஸ்மித்ஃபீல்ட் பக்கம் ஒரு கிடங்கில் சேர்ந்தேன். உதிரிபாகங்களை அட்டைப்பெட்டியில் போட்டு, பேலட் என்கிற மரத்தட்டில் அடுக்கி, பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றுகிற வேலை. குனிந்தபடியே பேலட்டைச் சுற்றிப் பின்னால் நடக்க வேண்டும். ராத்திரி படுத்தால் இடுப்பு தனியாகக் கழன்றுவிட்ட மாதிரி இருக்கும். காலையில் பத்து நிமிட டீ இடைவேளை. அதை அங்கே ‘ஸ்மோகோ’ என்பார்கள். எனக்கிருந்த ஒரே மனிதத் தொடர்பு அந்தப் பத்து நிமிடம்தான்.

அப்போது பிரதமர் ஜான் ஹோவர்டின் அரசு ‘வொர்க்சாய்ஸ்’ என்ற தொழிலாளர் சட்டத்தைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. 100 பேர் வரை வேலை செய்கிற இடத்தில் ஒருவரை நியாயமில்லாமல் நீக்கினாலும் அவர் அதை எதிர்த்து முறையிட முடியாது என்பது அதில் ஒரு பகுதி. எங்கள் கிடங்கில் 60 பேர்கூட இல்லை. நவம்பர் 15 அன்று நாடு முழுக்கப் பேரணி. அதற்கு முந்தின வாரம் ஸ்மோகோவில், யூனியன் டெலிகேட்டாக (தொழிற்சங்கப் பிரதிநிதியாக) இருந்த கிரேக்கக்காரப் பெரியவர், “நீ எப்படி, பேரணிக்கு வருவியா?” என்று கேட்டார்.

வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. செய்தியில் ‘ஹோவர்ட் அரசு’, ‘கூட்டணி’ என்றுதான் காதில் விழும், கட்சிப் பெயரையெல்லாம் நான் கவனித்ததில்லை. அமெரிக்கப் புத்தகங்களில் படித்த அர்த்தத்தில், ஏழைகள் பக்கம் நிற்பவன் என்று காட்டிக்கொள்ள, “நான் லிபரல்” என்றேன். பெருமையாகவே சொன்னேன். மேசையில் பேச்சு நின்றுவிட்டது. பெரியவர் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஹோவர்டின் கட்சிப் பெயரே லிபரல் கட்சி. அங்கே முதலாளிகளின் கட்சி என்று பெயரெடுத்தது அதுதான். ‘உங்களை வேலையைவிட்டுத் தூக்குகிற சட்டத்தை ஆதரிக்கிறேன்’ என்று அவர்கள் முகத்துக்கு நேரே நான் சொல்லியிருக்கிறேன்! மூன்று மாதம் யாரும் என்னோடு உட்காரவில்லை. ஓவர்டைம் பட்டியல் போட்டால்கூட என் காதுக்கு வராது.

விஷயத்தைப் புரியவைத்தவர் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணர். எண்பதுகளில் வந்தவர். “தம்பி, இஞ்ச லிபரல் எண்டா வலதுசாரி. நீர் சொல்ல நினைச்சது லேபர்” என்றார். லேபர் என்பது அங்கே தொழிலாளர் கட்சி, லிபரலுக்கு எதிர்த்தரப்பு.

பிறகு தேடிப் படித்தேன். 1944-இல் அந்தக் கட்சியைத் தொடங்கிய ராபர்ட் மென்சீஸ், இது முற்போக்குக் கட்சி, பிற்போக்குக் கட்சி அல்ல என்று காட்டவே ‘லிபரல்’ என்ற பெயரை எடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். அதே கட்சியில் வந்த ஹோவர்ட், லிபரல், கன்சர்வேடிவ் ஆகிய இரண்டு மரபுக்கும் இதுதான் வீடு என்றார். வியட்நாம் அகதிகளுக்குக் கதவைத் திறந்த மால்கம் ஃபிரேசரும் லிபரல் பிரதமர்தான். கட்சி வலதுபக்கம் போய்விட்டது என்று 2009-இல் அவரே வெளியேறிவிட்டார்.

உடனே ‘ஓ, இவர் லேபர் ஆள்’ என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டிருக்கிறேன். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற கொள்கையை 1965 வரை தன் கொள்கை அறிக்கையிலேயே வைத்திருந்தது லேபர். அதை 1966-இல் பெரிய அளவில் தளர்த்தியது லிபரல் அரசு. 1973-இல் முழுக்க முடித்துவைத்தது லேபர் பிரதமர் விட்லம். படகில் வருபவர்களைக் கட்டாயமாகக் காவலில் வைக்கும் சட்டம் 1992-இல் வந்தது, அதுவும் லேபர் ஆட்சியில். இதில் முற்போக்கு யார், பழமைவாதி யார் என்று ஒரே சொல்லில் என்னால் சொல்ல முடியவில்லை.

மக்களும் அப்படித்தான். 2017-இல் ஒரே பாலினத் திருமணம் பற்றித் தபால் வழிக் கருத்துக்கேட்பு நடந்தது. லேபரின் கோட்டையான பிளாக்ஸ்லாந்து தொகுதியில் 73.9 சதவீதம் பேர் ‘வேண்டாம்’ என்றார்கள். அந்தத் திருமணத்தைக் கடுமையாக எதிர்த்த முன்னாள் லிபரல் பிரதமர் டோனி அபாட்டின் சொந்தத் தொகுதியில் 75 சதவீதம் பேர் ‘வேண்டும்’ என்றார்கள். நான் ‘வேண்டும்’ என்று போட்டேன். ஊரில் என் தம்பிக்கு இது தெரிந்ததிலிருந்து நான் அவனுக்கு ‘லிபரல்’. அவன் வாயில் அது கெட்ட வார்த்தை.

நம் தமிழிலேயே பாருங்கள். 1991 பொருளாதாரச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ‘தாராளமயம்’ என்ற சொல் பரவலாகப் புழங்கியது. மதுரையில் நான் படித்த காலத்தில் ‘தாராளமயம் ஒழிக’ என்று செங்கொடி பிடித்துப் போன தோழர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தாராளத்துக்கும் மூலம் ‘லிபரல்’தான். அன்று அதை எதிர்த்த அதே தோழர்களைத்தான் இன்று இணையத்தில் ‘லிபரல் கும்பல்’ என்கிறார்கள்.

கிடங்குக் கதையின் மிச்சம் இது. 2006 பிப்ரவரியில் ஒருநாள் அந்தப் பெரியவர் தானாகவே வந்து என் பேலட் பக்கத்தில் நின்றார். கட்சியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “காரணம் சொல்லாமல் உன்னை நாளைக்கே வீட்டுக்கு அனுப்பினால் சரியா?” என்று மட்டும் கேட்டார். “சரியில்லை” என்றேன். சட்டைப் பையிலிருந்து யூனியன் படிவத்தை எடுத்து அட்டைப்பெட்டி மேல் வைத்து, பேனாவைக் கொடுத்தார்.

வீட்டில் உங்களை லிபரல் என்றது எந்தப் பேச்சு நடக்கும்போது? இட ஒதுக்கீடா, காதல் கல்யாணமா, கோயிலா? கல்லூரியில் எந்தப் பேச்சில் கன்சர்வேடிவ் என்றார்கள்? அதைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். ஒவ்வொன்றாகப் பேசலாம்.