ஆரிகன் (Oregon) என்ற அமெரிக்க இசைக்குழுவின் ஜாஸில் தபலா இழைகிறது. நாங்கள் வாசித்தால் ஏன் உரசுகிறது?

பெரும்பாலும் சுருதிதான் காரணம். தபலாவின் வலந்தலை (வலக்கை முழவு) ஒரே சுரத்தில் நிற்கும், ஜாஸில் கார்டு (chord, சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) மாறிக்கொண்டே போகும். 'சி' (C) என்ற மேற்கத்திய சுரத்துக்குச் சேர்த்த தபலா ஏ மைனர், எஃப், டி7 ஆகிய மூன்று கார்டுகளிலும் பொருந்தும், மூன்றிலும் 'சி' உண்டு. 'ஈ' மேஜர் வந்ததும் அதிலுள்ள 'பி' (B) சுரத்தோடு அரைச்சுரத்தில் மோதும். ஆகவே பெரும்பாலான கார்டுகளுக்குப் பொதுவான சுரத்துக்குத் தபலாவைச் சேருங்கள். மோதும் கார்டில் 'நா', 'தின்' போன்ற ரீங்கரிக்கும் சொற்களை விட்டு, 'தி', 'டே', 'கெ' (ti, te, ke) என ஒலியை அடைத்து வாசிக்கும் சொற்களை வாசியுங்கள்.

ஆரிகனில் தபலா வாசித்த காலின் வால்காட், தபலா மேதை அல்லா ரக்காவிடம் பயின்றவர். சிதார் கற்றது ரவிசங்கரிடம். பக்கத்தில் பால் மெக்காண்ட்லெஸின் ஓபோ (ஊதும் கருவி), ரால்ஃப் டவுனரின் நைலான் கம்பி கிட்டார், கிளென் மூரின் பாஸ். வால்காட் காலத்தில் வழக்கமான டிரம்ஸ் செட் கிடையாது, பாதி சூட்சுமம் அதில்தான். டிரம்ஸின் சிம்பல் (உலோகத் தட்டு) தொடர்ந்து ஒலித்தால் நைலான் கிட்டார் காணாமல் போகும். ஓபோவின் சத்தமும் லேசுப்பட்டதல்ல, அதை மைக்கிலிருந்து தள்ளி நிறுத்துங்கள்.