டிஸ்கிரண்டில்ட் என்ற ஆங்கிலச் சொல்லின் எதிர்ச்சொல் ‘கிரண்டில்ட்’ ஆகுமா? செரண்டிபிட்டிக்கு எதிர்ச்சொல் உண்டா?

முதல் கேள்விக்கு, வேடிக்கைக்கு வேண்டுமானால் ஆகும் என்பதே என் பதில். டிஸ்கிரண்டில்ட் என்பது மனக்குறையோடு இருப்பவரைக் குறிக்கும். இதிலுள்ள ‘டிஸ்’ எதிர்மறை முன்னொட்டு என்று நினைத்துத்தான் அதை நீக்கிப் பார்க்கத் தோன்றுகிறது. ஆனால் ‘கிரண்டில்’ என்ற பழைய வினைச்சொல்லுக்கே முணுமுணுத்தல் என்றுதான் பொருள், முன்னால் வந்த ‘டிஸ்’ அந்த முணுமுணுப்பை மிகுதிப்படுத்துகிறதே தவிர மறுக்கவில்லை. 1938-இல் வெளிவந்த நாவல் ஒன்றில் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ் கிரண்டில்ட் என்பதை ‘மனநிறைவுள்ள’ என்ற பொருளில் எழுதியது, அசிங்கத்துக்கு எதிர்ச்சொல் சிங்கம் என்று நம் பிள்ளைகள் சொல்லிச் சிரிப்பதைப் போன்ற குறும்புதான். தேர்வில், மனநிறைவுள்ள என்று பொருள்படும் ‘கன்டென்டட்’ என்று எழுதுவதே பாதுகாப்பு.

எல்லாச் சொற்களும் இப்படி ஏமாற்றுவதில்லை. ரூத்லெஸ் என்றால் இரக்கமற்ற. ‘ரூத்’ என்றால் இரக்கம். அந்தச் சொல் உண்மையாகவே இருந்தது, இப்போது வழக்கொழிந்துவிட்டது, அவ்வளவே.

உண்மையில் அஞ்ச வேண்டிய சொல் இன்ஃப்ளேமபிள். இதிலுள்ள ‘இன்’ மறுப்பைக் குறிப்பதன்று. தீ மூட்டுதல் என்னும் பொருளுடைய லத்தீன் வினையோடு சேர்ந்தே வந்தது. எனவே ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுமே எளிதில் தீப்பற்றக்கூடியது என்ற ஒரே பொருளைத் தருகின்றன, எதிர்ச்சொல் நான்ஃப்ளேமபிள். நான் மெய்ப்புத் திருத்திய ஒரு கையேட்டில் இன்ஃப்ளேமபிள் என்பதைத் ‘தீப்பற்றாத’ என்று மொழிபெயர்த்திருந்தார்கள். அச்சுக்குப் போகும் முன் கண்ணில் பட்டது நல்லூழ்.

இனி செரண்டிபிட்டி. இலங்கையை அரேபியர் செரண்டிப் என்று அழைத்தனர். அந்நாட்டு இளவரசர் மூவரைப் பற்றிய கதையிலிருந்து இச்சொல்லை உருவாக்கியதாக ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் 1754 ஜனவரியில் ஒரு கடிதத்தில் எழுதினார். தேடாத ஒன்றைத் தற்செயலாலும் கூரறிவாலும் கண்டடைவதே அவர் கொடுத்த பொருள். இன்று பலர் கூரறிவை விட்டுவிட்டு வெறும் அதிர்ஷ்டமாக இச்சொல்லைப் பயன்படுத்துவது எனக்கு உடன்பாடில்லை.

இதற்கு எதிர்ச்சொல்லை 1998-இல் வில்லியம் பாய்ட் என்னும் நாவலாசிரியர் படைத்தார்: ஜெம்பிளானிட்டி. வெப்பமும் பசுமையும் நிறைந்த இலங்கைக்கு நேர்மாறாக, ஆர்க்டிக் கடலில் பனி மூடிக் கிடக்கும் நோவா ஜெம்பிளா தீவுகளின் பெயரிலிருந்து அவர் அதை எடுத்துக்கொண்டார். சோவியத் ஒன்றியம் அணுகுண்டுகளைச் சோதித்துப் பார்த்த இடமும் அதுதான் என்பதால், பெயர்த் தேர்வு மிகப் பொருத்தமானது. துரதிர்ஷ்டம் என்று மட்டும் இதை மொழிபெயர்த்தால் பாதிப் பொருள் போய்விடும், ஏனெனில் பாய்டின் விளக்கத்தில் அந்தக் கேடு எதிர்பார்த்ததாகவும், தானே திட்டமிட்டுத் தேடிக்கொண்டதாகவும் இருக்க வேண்டும். அன்றாட ஆங்கிலத்தில் இச்சொல் அரிதாகவே வருகிறது. நமக்கோ அது புதிதன்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.